அழுகையாக மாறிய யாழ்



1559 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே மெக்சிக்கோ நகரத்தில் ஒரு பேரரசருக்கு ஈமச் சடங்கு நடைபெற்றது. அரசப் பிரதிநிதி லூயிஸ் தே வெலாஸ்கோ துக்க உடை தரித்து ஊர்வலத்தில் நடந்தார். அதிமேற்றிராணியார் வந்தார், குருமார் வந்தனர், துறவிகள் வந்தனர். அவர்களோடு மெக்சிக்கோ, தெஸ்கோகோ, தக்குபா, திலஸ்காலா என்னும் நான்கு ஊர்களின் சுதேசத் தலைவர்களும் துக்கப் போர்வை போர்த்துத் தத்தம் ஊர்க் கொடிகளுடன் நடந்து சென்றனர். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தை அடுத்து, சுதேச மக்களுக்கென அமைந்திருந்த அர்ச். சூசையப்பர் ஆலயத்தில் மெழுகுதிரிகள் எரிந்தன. பாடகர் பாடினர்.

சடங்குக்கு வேண்டியன யாவும் அங்கே இருந்தன. சவம் மாத்திரம் இருக்கவில்லை.

இறந்தவர் ஐந்தாம் சாள்ஸ் பேரரசர். அவர் 1558 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆந் திகதி, அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பால், ஸ்பெயின் தேசத்து யூஸ்தே மடத்தில் உயிர் நீத்தார். மெக்சிக்கோவிற் சடங்கு நடைபெற்றபோது அவர் இறந்து பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. அந்நாட்டு மண்ணை அவர் ஒருநாளேனும் மிதித்தவரல்லர். அங்குள்ள மக்களுள் மிகப் பெரும்பாலார் அவரைக் கண்டதுமில்லை. ஆயினும் அவர் பெயரால் ஆளப்பட்ட ஒவ்வொரு நகரமும் அவருக்காக அழவேண்டும் என்பது அரச முறைமை. உடல் இல்லாத இடத்தில் உடலுக்குப் பதிலாக மரத்தால் ஒரு கல்லறை மேடையை எழுப்புவார்கள். மெக்சிக்கோவில் அதனை அமைத்தவர் கிளாவுதியோ தே அர்சினியேகா என்னும் கட்டடக் கலைஞர். இரண்டு நிலைகளையுடைய அம்மேடையில் பேரரசரின் புகழைக் கூறும் ஓவியங்களும் இலத்தீன் வாசகங்களும் நிறைந்திருந்தன. மெக்சிக்கோவின் வேந்தர் மொக்தெசூமாவும் பெரு நாட்டின் வேந்தர் அத்தாவால்ப்பாவும் பேரரசர்முன் மண்டியிட்டிருப்பதாகத் தீட்டிய ஓர் ஓவியமும் அவற்றுள் ஒன்று. தோல்வியே தமக்கு நன்மையாயிற்று என்று மகிழ்பவர்போல அவ்விருவரின் முகமும் வரையப்பட்டிருந்தது.

மெக்சிக்கோவின் பழைய தலைநகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1521 ஆம் ஆண்டில். இந்தச் சடங்கு நடந்தபோது அதற்கு 38 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊர்வலத்தில் நடந்த சுதேசத் தலைவர்கள், தம் இனத்து வேந்தன் மண்டியிட்டிருக்கும் அவ்வோவியத்தின் எதிரே நின்றுதான் மற்றொரு வேந்தனுக்காகத் துக்கங் காத்தார்கள். அத்துக்கம் யாருடையது? அங்கே எழுந்த இசை யாருக்காக அழுதது? ஸ்பானியப் பேரரசிலே பிறந்து, கடல் கடந்து, மெக்சிக்கோவின் பேராலயங்களில் வேரூன்றிய ஒரு புலம்பற் பாடலின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

அப்பாடல் இலத்தீன் மொழியில் 'வெர்ஸா எஸ்த் இன் லுக்தும்' என்னும் சொற்களுடன் தொடங்குவது. அதன் வாசகம் விவிலியத்தில் யோபு ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. முப்பதாம் அதிகாரத்தின் இறுதி வசனத்தையும் ஏழாம் அதிகாரத்தின் பதினாறாம் வசனத்திலே ஒரு பகுதியையும் இணைத்து அதனை ஆக்கினார்கள். செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபு, மகிழ்ச்சிக்கெனத் தான் வைத்திருந்த யாழும் குழலும் இனித் துக்கத்தையே ஒலிப்பன என்று முறையிடுகின்றான். பின்னர், தன் வாழ்நாள்கள் ஒன்றுமற்றவை; ஆதலால் தன்னை விட்டுவிடுமாறு இறைவனிடம் இரக்கின்றான். வாசகம் இவ்வளவே. முழுவதையும் வாசிக்க அரை நிமிடமும் வேண்டியதில்லை.

இத்தகைய வேத வாசகத்தைப் பல குரல்களுக்கு அமைத்துப் பாடும் பாடலை ஐரோப்பியர் மொட்டெட்டு என்பர். புரவலன் இறந்தபோது புலவன் செயலற்று நின்று பாடுவதை நம் முன்னோர் கையறுநிலை என்று வகுத்தார்கள். அங்கே மாண்டவனின் பெயரும் கொடையும் குடிச்சிறப்பும் பாட்டில் வந்துவிடும். யோபுவின் வாசகத்திலோ மாண்டவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேசுபவன் இருப்பவன், அவன் பேசுவது தன் கருவியைப் பற்றியும் தன் நாள்களைப் பற்றியும். இப்பாடலின் பிற்கால வாழ்வு முழுவதும் இவ்வொரு தன்மையிலிருந்து விளைந்தது எனலாம்.

இறந்தோருக்கான கத்தோலிக்கப் பூசையில் இவ்வாசகம் விதிக்கப்பட்ட பகுதியன்று. எனினும் ஸ்பெயின் தேசத்து இசைவாணர் இதனைப் பெரிதும் விரும்பினர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பிரான்சிஸ்கோ தே பெஞ்ஞாலோஸா இதற்கு இசையமைத்தார். 1598 ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப்பு மன்னர் மறைந்தபோது, தொலேதோ பேராலயத்தின் இசைத்தலைவராயிருந்த அலொன்ஸோ லோபோ இதனை ஆறு குரல்களுக்கு அமைத்தார். 1602 ஆம் ஆண்டில் மத்ரித் நகரில் அச்சேறிய அவருடைய நூலில், அம்மன்னரின் ஈமச் சடங்குக்கென ஆக்கியது என்ற குறிப்புடன் அது வெளிவந்தது. பிலிப்பு மன்னரின் தங்கையும் பேரரசியுமாகிய மரியா 1603 ஆம் ஆண்டில் இறந்தார். அவருக்காகத் தொமாஸ் லூயிஸ் தே விக்தோரியா ஆக்கி 1605 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஈமச் சடங்கு இசையிலும் இவ்வாசகம் ஆறு குரல்களில் அமைந்து இடம்பெற்றது. பூசை முடிந்து, கல்லறை மேடையைச் சுற்றி நிகழும் இறுதி மன்றாட்டுத் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவேளையே இதற்கு உரிய இடம். சடங்கின் கட்டாயங்கள் சற்று ஓய்ந்திருக்க, மனிதக் குரல் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ளும் நேரம் அது.

இந்த இரண்டாம் பிலிப்பு நமக்கும் முற்றிலும் அந்நியரல்லர். 1580 ஆம் ஆண்டிலே போர்த்துக்கல் நாட்டு முடியும் அவர் தலையில் ஏறிற்று. அதே ஆண்டில் கோட்டை மன்னன் தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னருக்கு உரிமை சாசனம் எழுதிக் கொடுத்தான். தர்மபாலன் 1597 ஆம் ஆண்டில் இறந்ததும் அச்சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, லோபோவின் இசை யாருக்காகப் புலம்பிற்றோ அவருடைய பெயராலேதான் அக்காலக் கொழும்பிலும் ஆட்சி நடந்தது. அவருடைய மகன் மூன்றாம் பிலிப்பின் காலத்தில், 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரு முடியின்கீழ் இருந்தமை 1640 ஆம் ஆண்டு வரை நீடித்தது. கடல் கடந்த ஓர் அரசனின் பெயரால் ஆளப்படுவது இன்னதென்று அறிந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்றாகையால், மெக்சிக்கோவின் கதை நமக்கு விளங்குவதற்கு அரியதன்று.

மீண்டும் மெக்சிக்கோவுக்குச் செல்வோம். ஐரோப்பியப் பலகுரலிசை அந்நாட்டில் வேர்கொள்வதற்குத் தொடக்கத்தில் உழைத்தவர்களுள் முதன்மையானவர் பேத்ரோ தே கந்தே என்னும் பிரான்சிஸ்கன் துறவி. பிளாந்தர் நாட்டுக் கெந்த் நகரைச் சேர்ந்த அவர் 1523 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவுக்கு வந்து, 1572 ஆம் ஆண்டில் இறக்கும் வரை அங்கேயே தொண்டாற்றினார். முன்னர்க் கூறிய அர்ச். சூசையப்பர் ஆலயத்தை அடுத்து அவர் நடத்திய பாடசாலையில் சுதேசச் சிறுவர் எழுத்தும் பாட்டும் கைத்தொழிலும் கற்றனர். ஒரு தலைமுறைக்குள் ஊர்தோறும் சுதேசப் பாடகர் குழுக்கள் தோன்றின. சுரங்களை ஏட்டிலே கண்டு பாடவும், குழல்களைச் செய்யவும், ஏடுகளைப் பிரதி செய்யவும் அவர்கள் வல்லவராயினர்.

அவ்வளர்ச்சி ஆட்சியாளருக்கே மிகையாகத் தோன்றிற்று. 1555 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிற் கூடிய திருச்சபைச் சங்கம், சுதேச ஆலயங்களில் இசைக் கருவிகள் பெருகிவிட்டன என்று கண்டு அவற்றைக் கட்டுப்படுத்தியது. 1561 ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப்பு மன்னரே, சுதேச இசைஞரின் தொகையைக் குறைக்குமாறு கட்டளை அனுப்பினார். மாண்ட மன்னனுக்காகப் பாடவேண்டும். ஆனால் இவ்வளவு பேர் பாடவேண்டியதில்லை என்பதே கட்டளையின் சாரம் போலும்.

பதினேழாம் நூற்றாண்டிலே இவ்விசையின் மிகச் சிறந்த இல்லமாக விளங்கிய நகரங்களுள் ஒன்று புவெப்லா. துறைமுகமாகிய வெராகுரூசுக்கும் மெக்சிக்கோ நகருக்கும் இடையிலுள்ள வழியில், 1531 ஆம் ஆண்டில் ஸ்பானியர் புதிதாக நிறுவிய நகரம் அது. அங்கே 1575 ஆம் ஆண்டில் தொடங்கிய பேராலயத் திருப்பணி இடையிடையே தடைப்பட்டுக் கிடந்தது. 1640 ஆம் ஆண்டில் மேற்றிராணியாராக வந்த ஹுவான் தே பலபோக்ஸ் என்பவர் அதனை ஊக்கத்துடன் முடிப்பித்து, 1649 ஆம் ஆண்டு ஏப்பிரல் 18 ஆந் திகதி அபிஷேகம் செய்வித்தார். கல்வியிலும் நாட்டமுடைய அவர், 1646 ஆம் ஆண்டில் ஐயாயிரம் நூல்களை வழங்கித் தொடக்கிய நூல்நிலையம் இன்றும் புவெப்லாவில் நிலைத்திருக்கின்றது.

அப்பேராலயத்தின் இசைத்தலைவர் ஹுவான் குத்தியேரஸ் தே பாதிலியா. ஏறத்தாழ 1590 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் மலாகா நகரிற் பிறந்து, ஹெரேஸ், காதிஸ் என்னும் ஊர்களிற் பணிபுரிந்தபின் கடல் கடந்து வந்தவர் அவர். 1622 ஆம் ஆண்டளவில் புவெப்லாவில் பாடகராகச் சேர்ந்தார். அப்போது அங்கு இசைத்தலைவராயிருந்தவர் காஸ்பார் பெர்னாந்தேஸ். சுதேச மக்களின் நாவாத்தில் மொழியிலும் தாலாட்டு அமைத்தவர். பெர்னாந்தேஸ் 1629 ஆம் ஆண்டில் மறைந்ததும் பாதிலியா அப்பதவியை ஏற்றார். 1664 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தாம் இறக்கும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அதனை வகித்தார். அவ்வாண்டுகளிலே அரச மரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. 1644 ஆம் ஆண்டில் நாலாம் பிலிப்பின் அரசி இசபெல் மறைந்தார். 1646 ஆம் ஆண்டில் பட்டத்து இளவரசர் பல்தசார் கார்லோஸ் பதினாறு வயதிலே மாண்டார். இத்தகைய மரணங்கள் நிகழுந்தோறும் புதிய ஸ்பெயினின் நகரங்களிலே வெறுங் கல்லறை மேடைகள் எழுந்தன.

யோபுவின் இவ்வாசகத்துக்குப் பாதிலியாவும் இசையமைத்தார். அது நீளமான பாடலன்று. சில நிமிடங்களிலே முடிந்துவிடுவது. அக்காலத்தை ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர் பரோக் காலம் என்பர். பளபளப்பும் பெருமிதமும் வியப்பூட்டும் முரண்களும் அக்கலையின் இயல்புகள். பாதிலியாவின் விழாப் பூசைகளிலே இரண்டு பாடகர் குழுக்கள் எதிரெதிர் நின்று ஒன்றுக்கொன்று விடையிறுக்கும். நத்தார்ப் பாடல்களிலே தெருக்களின் துள்ளலும் கேட்கும். துக்கப் பாடலிலோ அவர் அவ்வணிகளைக் களைந்துவிட்டுத் தம் ஆசிரியர் தலைமுறையின் பழைய நடையைக் கைக்கொண்டார்.

அந்நடை கேட்பவர் நெஞ்சை எவ்வாறு தொடுகின்றது என்பதைச் சற்று விளக்குவோம். நம் இசையில் ஓர் இராகம் ஒரு குரலின் வழியே விரிகின்றது. பலகுரலிசையிலோ குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, ஒவ்வொன்றும் தன் வழியே செல்கின்றன. ஒரு குரல் தொடங்கிய சொல்லை மற்றொன்று சற்றுத் தாமதித்து ஏற்கின்றது. இடையிலே ஒரு குரல் தன் சுரத்தை விடாமற் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏனைய குரல்கள் நகர்ந்துவிடும். சற்று முன் இசைந்திருந்த அதே சுரம், தான் மாறாதிருந்தும், இப்போது மற்றவற்றோடு உரசும். பின்னர் அது தயங்கித் தயங்கி ஒரு படி கீழிறங்கி அமைதி பெறும். அதற்குள் வேறொரு குரல் அவ்வாறே பின்தங்கி நிற்கும். எல்லாரும் நகர்ந்துவிட்ட பின்பும் நகர மாட்டாதிருக்கும் ஒருவர் துக்க வீட்டில் எப்போதும் உண்டல்லவா? அந்த நிலையே இங்கு ஒலியாகின்றது. இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. இலத்தீன் அறியாதவரும் அறிந்துகொள்வர்.

இனி, அந்த யாழையும் குழலையும் பற்றி ஆராய்வோம். இறந்தோருக்கான சடங்கில் ஓர்கன் என்னும் பெரிய வாத்தியத்தை வாசிக்கலாகாது என்பது அக்காலத் திருச்சபை விதி. ஆகவே மகிழ்ச்சியின் கருவி மௌனமாயிற்று என்னும் கருத்து, கேட்டவர்களுக்கு வெறும் உவமையன்று. கண்முன் நிகழ்ந்த செய்தி. ஸ்பானியப் பேராலயங்களில் பாடகருக்குத் துணையாக, தாழ்ந்த குரலைத் தாங்கி நிற்கும் கருவி பஹோன் என்பது. அது மரத்தாற் செய்து, நாணல் சீவாளி பொருத்தி ஊதுவது; தடித்த, சற்றே கம்மிய ஒலியுடையது.

பாதிலியா தம் இல்லத்திலே ஒரு பட்டறை வைத்திருந்தார். அங்கே பஹோன்களும் குழல்களும் பிற துளைக்கருவிகளும் செய்யப்பட்டுக் குவாத்தமாலா வரைக்கும் விற்பனைக்குச் சென்றன. அப்பட்டறையில் உழைத்தவர்கள் கறுப்பு இனத்தவர். 1580 ஆம் ஆண்டுக்கும் 1640 ஆம் ஆண்டுக்கும் இடையிலே, இரு முடிகளும் ஒன்றாயிருந்த காலத்தில், போர்த்துக்கேய ஒப்பந்தக்காரர் ஆபிரிக்க மக்களை ஆயிரமாயிரமாக விலங்கிட்டு வெராகுரூஸ் துறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுட் பலர் புவெப்லாவின் நெசவாலைகளிலும் வீடுகளிலும் அடிமைகளாயினர். தாயகத்தையும் உறவையும் மொழியையும் இழந்த ஓர் இனத்தாரின் கை கடைந்த குழல்கள் பேராலயங்களில் ஒலித்தன. யோபு சொன்ன குழல் அதுவே என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் சடங்கு அவர்களுக்காக நடைபெறவில்லை.

பாடியவருள்ளும் அத்தகையோர் இருந்தனர். மெக்சிக்கோ நகரப் பேராலயத்திலே லூயிஸ் பர்ரெத்தோ என்னும் கறுப்பு இனப் பாடகர், அக்காலத்தின் மிகச் சிறந்த குரல்களுள் ஒன்றை உடையவராகப் போற்றப்பட்டார். அவர் அப்பேராலயத்துக்கே அடிமையாயிருந்தவர். 1615 ஆம் ஆண்டிலேதான் தம் சுதந்திரத்தை விலை கொடுத்துப் பெற்றார். தன் குரலைக்கூடத் தனதென்று சொல்ல முடியாத ஒருவர் பிறருடைய துக்கத்தைப் பாடும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சுதேச மக்களின் துக்கமோ இன்னும் பெரிது. ஸ்பானியரோடு வந்த புதிய நோய்களைத் தாங்கும் வலிமை அவர்கள் உடலுக்கு இருக்கவில்லை. 1520 ஆம் ஆண்டில் அம்மைநோய் பரவிற்று. 1545 ஆம் ஆண்டிலும் 1576 ஆம் ஆண்டிலும் அதனினுங் கொடிய கொள்ளைநோய்கள் எழுந்தன. 1545 ஆம் ஆண்டின் நோயிலே திலத்தெலோல்கோவில் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைத் தாம் அடக்கஞ் செய்ததாகப் பெர்னார்தீனோ தே சகாகூன் என்னும் துறவி எழுதி வைத்திருக்கின்றார். படையெடுப்புக்கு முன்பிருந்த மக்கட்தொகை பற்றி ஆய்வாளரின் கணக்குகள் வேறுபடுகின்றன. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குள் மிகப் பெரும்பகுதி மாண்டுபோயிற்று என்பதில் அவர்களிடையே ஐயமில்லை. அப்பதினாயிரவருக்கு மரமேடை எழுப்பியவர் யார்? அவர்களின் பெயரை ஓவியமாகத் தீட்டியவர் யார்? தம் பிள்ளைகளைக் குழிகளில் இட்ட அதே மக்கள், அரச கட்டளை வந்ததும் துக்கப் போர்வை போர்த்து, தாம் காணாத ஒருவருக்காக ஊர்வலம் போனார்கள்.

இங்கேதான் நாம் தொடக்கத்திற் கூறிய தன்மை பொருள்படுகின்றது. அந்த மேடையில் இருந்தன யாவும் மன்னனைப் பற்றிப் பேசின. ஓவியம் அவன் வெற்றியைக் கூறியது. வாசகம் அவன் குலத்தைக் கூறியது. பிரசங்கம் அவன் பக்தியைக் கூறியது. பாடல் மட்டும் மன்னனைக் கூறவில்லை. தன் நாள்கள் ஒன்றுமற்றவை என்று அது முறையிட்டது. அச்சொற்களை வாயில் வைத்துப் பாடியவன் தன்னையே சொல்லிக்கொண்டான். கேட்டு நின்றவள் தன் பிள்ளையை நினைத்துக்கொள்ள அது இடம் தந்தது. மன்னனுக்கென விதிக்கப்பட்ட நேரத்திலே மன்னனல்லாதார் அழுதுகொள்ள ஒரு வழி திறந்திருந்தது. அரசு அதனை நாடவில்லை. எனினும் அதனைத் தடுக்கவும் இயலவில்லை.

பாதிலியா மறைந்த மறு ஆண்டு, 1665 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆந் திகதி, நாலாம் பிலிப்பு மன்னர் இறந்தார். மெக்சிக்கோ நகரப் பேராலயத்தில் அவருக்குரிய சடங்கு 1666 ஆம் ஆண்டிலேதான் நடந்தேறியது. அதனை விவரித்து இசித்ரோ சரிஞ்ஞானா என்னும் குருவானவர் வெளியிட்ட நூலின் பெயர் மேற்றிசையின் புலம்பல் என்னும் பொருளுடையது. அப்போது அப்பேராலயத்தின் இசைத்தலைவராயிருந்தவர் பிரான்சிஸ்கோ லோபெஸ் கபில்லாஸ். அவர் மெக்சிக்கோ மண்ணிலேயே பிறந்தவர்; இளமையிற் புவெப்லாவில் பாதிலியாவின்கீழ் ஓர்கனும் பஹோனும் வாசித்துப் பயின்றவர். கடல் கடந்து வந்த கலை இரண்டாம் தலைமுறையில் அந்நாட்டுப் பிள்ளையின் கையிற் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதன்பின் அந்த அரச குலமும் நெடிது நிலைக்கவில்லை. நாலாம் பிலிப்பின் மகன் இரண்டாம் சாள்ஸ் 1700 ஆம் ஆண்டிலே பிள்ளையின்றி இறந்தான். அக்குலத்தின் ஸ்பானியக் கிளை அவனுடன் முடிந்தது. 1821 ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. மன்னர்களுக்கென எழுப்பிய மரமேடைகள் சடங்கு முடிந்ததும் பிரிக்கப்பட்டன. அவற்றின் புகழுரைகளைப் பழம் நூல்களிலேதான் இன்று காணலாம்.

பாடல் அவ்வாறு மறையவில்லை. அக்காலப் பாடகருக்கு ஆளுக்கோர் ஏடு இல்லை. ஒரே பெரும் புத்தகத்தை உயர்ந்த தாங்கியின்மேல் விரித்து வைத்து, குழு முழுவதும் அதனைச் சூழ்ந்து நின்று பாடும். தொலைவிலிருந்தும் தெரியும்படி சுரங்கள் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அத்தகைய புத்தகங்கள் பல புவெப்லாவிலும் மெக்சிக்கோ நகரிலும் நூற்றாண்டுகளைக் கடந்து எஞ்சின. 1952 ஆம் ஆண்டில் றொபேட் ஸ்டீவன்சன் என்னும் அமெரிக்க இசையாய்வாளர் மெக்சிக்கோவின் இசை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவரும் அவர்வழி வந்தோரும் செய்த ஆராய்ச்சிகளின் பயனாகப் பாதிலியா போன்றோரின் ஆக்கங்கள் மீண்டும் பாடற்குழுக்களின் கைக்கு வந்தன. இன்று பல நாடுகளில் அவை பாடப்படுகின்றன, ஒலிப்பதிவுகளாகவும் கிடைக்கின்றன.

இன்று அதனைப் பாடுவோருக்கு எந்த மன்னரும் இல்லை. எந்த அரசின் கட்டளையும் இல்லை. ஆயினும் ஒரு குரல் மற்றவற்றுக்குப் பின்தங்கி நின்று, உரசி, இறங்கி அமைதியுறும்போது, அது அழுவது யாருக்காக என்று கேட்கத் தோன்றுகின்றது. இசையை எழுதியவர் ஸ்பானியர்; ஏவியது ஓர் அரசு; குழலைக் கடைந்தவர் அடிமை; துக்கப் போர்வை போர்த்து நின்றவர் நாடிழந்தவர். அவர்களுட் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் மன்னனின் பெயரும் அந்தப் பாட்டில் இல்லை. அவ்வெற்றிடத்தில் அவர்கள் அனைவருக்கும் இடமிருந்தது. கேட்கும் நமக்கும் இருக்கின்றது.